டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ராடுல மின்பொறி மூட்டி உலோகத்தை ஒட்டுறது): டங்ஸ்டன் முனை உருண்டுபோகுது

கேள்வி (ஆரம்பாக்கம்): 2 மி.மீ. 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, பச்சை நிறக் குறி போட்ட 1.6 மி.மீ. டங்ஸ்டன் ராடு, 70 ஆம்பியர் டிசி. ஆர்க் (மின்பொறி) அடிச்சதும் முனை உருகி உருண்டையாகுது அண்ணே. ஏன்?

பதில் (தடா): முதல்ல டார்ச் (ராடைப் பிடிச்சிருக்கிற கைப்பிடி) கேபிள் மைனஸ்லதான் இருக்கான்னு பாருங்க. பிளஸ்ல மாட்டினா சூட்டுல பெரும்பகுதி ராடுக்கே போகும். 3422 டிகிரில உருகுற உலோகமும் தாங்காது. அடுத்து, பச்சை சுத்த டங்ஸ்டன், ஏசியில அலுமினியத்துக்கு. எஸ்.எஸ்ஸுக்கு லாந்தனம் கலந்த தங்க நிறமோ நீலமோ வாங்குங்க.

பதில் (கும்மிடிப்பூண்டி): சிவப்பு ராடும் ஓடும் தம்பி, ஆனா அதுல தோரியம். கதிரியக்கம் உள்ளது, சாணைத்தூள் மூக்குல போகவே கூடாது. கடைக்காரர் மலிவுன்னாலும் வேண்டாம். எந்த ராடானாலும் நீளவாக்குல சாணை பிடிங்க, குறுக்கே பிடிச்சா ஆர்க் அலையும். கூம்பு நீளம் விட்டத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு. இரும்பு தேய்ச்ச சாணைக்கல்லுல தேய்க்காதீங்க, அழுக்கு ஒட்டிக்கும்.

கேள்வி கேட்டவர்: கேபிள் பிளஸ்லதான் இருந்துச்சு. மாத்திட்டேன். இப்ப முனை நீலமா கறுக்குது.

பதில் (தடா): ஆர்கான் (காத்து படாம காக்குற வாயு) பத்தலை. நிமிடத்துக்கு 8 லிட்டர் வைங்க. ஆர்க் நின்னதும் டார்ச்சை உடனே தூக்காம, 8 விநாடியாவது கேஸ் ஓடட்டும். சூடான டங்ஸ்டன் காத்து பட்டா ஆக்சைடாகிடும். கறுத்த முனையை மறுபடி சாணை பிடிச்சுட்டுத்தான் ஓட்டணும்.