கடையைக் கைமாற்றிவிட்ட பிறகும் பழைய ஆள்தான் பாக்கி கட்ட வேண்டுமா?

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
நேற்று ஒரு ஓனர் இங்கே எழுதியிருந்தார்: "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் கடையை யாருக்குக் கைமாற்றினாலும் கடைசி மாதம் வரை அவன்தான் பொறுப்பு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கடலூரில் 2018-ல் ஐந்து வருட லீஸ் பதிவு செய்து கடை எடுத்தேன். கொரோனாவுக்குப் பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் 2021-ல் இன்னொருவருக்குக் கைமாற்றினேன். என் கடை ஓனர் எதிரிலேயே பேசி முடித்தோம். அடுத்த மாதத்திலிருந்து 14 மாதம் ரசீது அந்தப் புது ஆள் பெயரில்தான் போட்டார். அப்புறம் அந்த ஆள் ஏழு மாதப் பாக்கி வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் காணாமல் போனார். வக்கீல் நோட்டீஸ் மட்டும் என் வீட்டுக்கு வருகிறது. 14 ரசீது யார் பெயரில் இருந்தது?

இங்கிலாந்திலும் இதே அநியாயம் இருந்தது. எப்போதோ கடையைக் கொடுத்துவிட்டு வயதாகி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம், யாரோ வைத்த பாக்கியைக் கேட்டார்கள். இதை மாற்றச் சொல்லி அங்கே சட்ட ஆணையம் 1988-ல் சொன்னது. 1995-ல் சட்டம் வந்து, 1996 ஜனவரி 1 முதல் போட்ட லீஸ்களில், முறையாகக் கைமாற்றினால் பழைய வாடகைதாரர் பொறுப்பு தீர்ந்தது. நாம் இன்னும் 1882-ல் எழுதிய சொத்துரிமை மாற்றுச் சட்டத்தைத்தான் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

செம்மண்டலம் ஓனர்:
நேற்று எழுதியது நான்தான். இன்றும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் ஓனர் கடை கொடுத்தது உங்கள் முகத்தைப் பார்த்து. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தவரை அவருக்கு என்ன தெரியும்? ரசீது என்பது பணம் வந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். உங்களை விடுதலை செய்த பத்திரம் இல்லை.

இங்கிலாந்து கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சட்டத்திலேயே, உங்களுக்கு அடுத்து வரும் ஆளுக்கு நீங்கள் ஜாமீன் நிற்க வேண்டும் என்று ஓனர் கேட்டு எழுதி வாங்க இடம் இருக்கிறது. அதை ஏன் சொல்லவில்லை?

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
எழுதி வாங்க இடம் இருக்கிறது, சரி. என் ஓனர் எழுதி வாங்கினாரா? அந்த ஜாமீனும் அடுத்த ஒரு ஆளுக்கு மட்டும்தான். அவர் இன்னொருவருக்கு முறையாக மாற்றிவிட்டால் அதுவும் தீர்ந்தது. 1996-க்கு முந்தைய பழைய லீஸில்கூட, வாடகைப் பாக்கியை பழைய ஆளிடம் கேட்க வேண்டுமானால் பாக்கி விழுந்த ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இங்கே ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு மொத்தமாக என் தலையில் கட்டுகிறார்கள். ரசீதுக்குப் பதில் சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல் டைப்பிஸ்ட்:
மஞ்சக்குப்பம் கோர்ட்டு எதிரே 30 வருடமாக டைப் அடிக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதலில் நீங்கள் கொடுத்தது உள்வாடகையா, மீதி லீஸை முழுசாக மாற்றிக் கொடுத்ததா? இரண்டும் ஒன்று இல்லை: உள்வாடகையில் லீஸ் உங்கள் பெயரிலேயே இருக்கும், முழு மாற்றத்தில் புது ஆளுக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன அந்த 1882 சட்டத்தின் 108-ஆம் பிரிவு, 'ஜே' உட்பிரிவு சொல்வது: மாற்றிக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பு தீராது. 'ஒரே காரணத்தால்' என்பதைக் கவனியுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று போட்டிருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டம் 62-ஆம் பிரிவுப்படி பழையது முடிந்தது.

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
உள்வாடகையோ முழு மாற்றமோ, ரசீது அவர் பெயரில்! 14 ரசீது! 'ஒரே காரணம்' என்றால் இது இரண்டாவது காரணம் இல்லையா?

செம்மண்டலம் ஓனர்:
காகிதம் காகிதம் என்கிறீர்களே, 2019 பிப்ரவரி 22-லிருந்து நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றவே கூடாது. எழுதி வாங்கினீர்களா?

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
கேட்டேன். "நமக்குள்ளே எதுக்குப் பேப்பர்" என்றார். அதே சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நீங்கள் எத்தனை மாதம் வாங்குகிறீர்கள்? உங்கள் கடைவாசலில் தொங்கும் போர்டை ஊரே பார்க்கிறது.

செம்மண்டலம் ஓனர்:
என் அட்வான்ஸ் கணக்கு உங்களுக்கு எதற்கு? 2011 டிசம்பர் 30-ல் 'தானே' என்ற புயல் அடித்து என் நான்கு கடைக்கும் கூரை போனது. ஒரு வாடகைதாரர் ஒரு தகரம் வாங்கித் தந்தாரா? உரிமை கேட்க மட்டும் எல்லோரும் வருகிறீர்கள்.

முதுநகர் வாசி:
புயலில் போன கூரைக்கு வாடகைதாரர் ஏன் தர வேண்டும்? அதே 108-ல் வாடகைதாரர் இடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்திலேயே, தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதத்தை விலக்கி வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் வலை, படகு எல்லாம் போய் நின்றோம், யாரிடம் கேட்டோம்? அன்றைக்குக் கூரை இல்லாத மாதத்துக்கும் வாடகை கேட்ட ஓனர்களை எனக்குத் தெரியும்.

செம்மண்டலம் ஓனர்:
என்னைச் சொல்கிறீர்களா? பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

கோர்ட்டு வாசல் டைப்பிஸ்ட்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உள்வாடகையா, முழு மாற்றமா?

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
அண்ணே, நான் மொத்தமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வார்த்தை விளையாட்டு வக்கீலுக்கு ஆகும். என் நகையை அடகு வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். நான் கேட்பது ஒரே திருத்தம்: புது ஆள் பெயரில் வாடகை வாங்கி ரசீது போட்டால், அன்றோடு பழைய ஆள் பொறுப்பு முடிந்தது என்று 108-ல் சேர்க்க வேண்டும்.

செம்மண்டலம் ஓனர்:
அப்படி ஒரு திருத்தம் வந்தால், எந்த ஓனரும் புது ஆளிடம் வாடகையே வாங்க மாட்டார். அப்புறம் உங்கள் கடை யாருக்குக் கைமாறும்?

லாரன்ஸ் ரோடு கடைக்காரன்:
வாங்காமல் இருக்கட்டும்! வாங்கிவிட்டு, ரசீதும் போட்டுவிட்டு, என்னிடம் வராமல் இருந்தால் போதும். அந்த 14 ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் படம் போடுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செம்மண்டலம் ஓனர்:
எனக்கு எதற்குப் படம்? நோட்டீஸ் போட்ட வக்கீலுக்கு அனுப்புங்கள். நான் சொன்னது சொன்னதுதான்.