அமெரிக்க மேற்குக் கரைப் பயணத்தின்போது பாஸ்டன் பேஸ்பால் அணியைக் கோலாலம்பூரிலிருந்து பின்தொடர்வது எப்படி?

கேள்வி: செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். இங்கே பேஸ்பால் பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தெரிந்தேதான் இக்கேள்வியை முன்வைக்கிறேன். என் அக்காள் மகன் பாஸ்டனில் படித்த காலத்தில் எனக்கும் தொற்றிக்கொண்ட ஆர்வம் இது. அவன் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டான். பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி மட்டும் என்னை விட்டபாடில்லை.

அணி தன் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஆடும்வரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. பருவம் முழுவதும் பாஸ்டனுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு இருப்பதால், அங்கே இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் காலை 7.10க்குத் தொடங்குகிறது. பசியாறும்போது ஒன்பதில் முதல் இரண்டு இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று), ரயிலில் மூன்றாவது, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் தே தாரிக் குடிக்கும்போது அடுத்தது என்று, ஒன்பது மணிக்கு இருக்கையில் அமர்வதற்குள் ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடுவேன்.

அணி மேற்குக் கரைக்குப் புறப்பட்டதும் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. சியாட்டிலில் மாலை 6.40க்குத் தொடங்கும் ஆட்டம் எனக்குக் காலை 9.40, அதாவது மேலாளர் கணக்கு அறிக்கைகளைக் கேட்கத் தொடங்கும் நேரம். தொடரின் கடைசி ஆட்டத்தைப் பகலில் வைத்துவிட்டால் அது இங்கே விடியற்காலை நான்கு மணிக்கு வந்து நிற்கிறது.

2025 ஜூன் மாதப் பயணத்தைச் சிலராவது மறந்திருக்க மாட்டீர்கள். ஃபென்வேயில் யாங்கீஸ் அணியை மூன்று ஆட்டங்களிலும் வென்ற ஜூன் 15 அன்றே, 2023இல் பத்தாண்டுகளுக்கு 31 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் தக்கவைத்துக்கொண்ட நட்சத்திர மட்டையாளர் ராஃபேல் டெவர்ஸைச் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாளே சியாட்டிலில் ஆட்டம், பின்னர், வேண்டுமென்றே எழுதி வைத்ததுபோல், அதே சான் பிரான்சிஸ்கோவில் டெவர்ஸுக்கு எதிராக மூன்று ஆட்டங்கள், கடைசியாக ஏஞ்சல்ஸ் அணியின் ஊரான அனஹைம். ஒன்பதில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்து எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அணி ஏன் சரிந்தது என்பது கடைசிவரை விளங்கவில்லை.

இப்போது அடுத்த மேற்குக் கரைப் பயணம் நெருங்குகிறது. வேலை நேரத்தில் ஆட்டங்களை எவ்வாறு பின்தொடர்கிறீர்கள்? வெளியூரில் தோற்பதற்கு விமானப் பயணக் களைப்புதான் காரணம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

மறுமொழி: பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

தம்பி, உங்களுக்குத் தொல்லையாக இருக்கும் அதே நேரம் எனக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஏழு முதல் காலை ஏழுவரை பணி செய்கிறேன். உற்பத்திக்கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வீடு திரும்பிக் குளித்து, சாப்பிட்டுப் படுக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அப்போது தொடங்கும் மேற்குக் கரை ஆட்டத்தை வானொலி வருணனையாகக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். சியாட்டிலில் ஆட்டம் தொடங்கும்போது பாஸ்டனில் இரவு 9.40, அது முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். பாஸ்டன்காரர்களே பாதியில் படுத்துவிடும் ஆட்டத்தை நாம் பட்டப்பகலில் முழுமையாகக் கேட்க முடிகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அலுவலகத்தில் இருப்பவருக்கும் வானொலிதான் ஏற்றது என்பது என் கருத்து. ஒரு காதில் மட்டும் கேட்டாலும் ஆட்டம் பிடிபட்டுவிடும். பேஸ்பால் லீக்கின் செயலியில் இரு அணிகளின் வருணனையும் கிடைக்கும். வெளியூர் ஆட்டங்களில் நான் எதிரணியின் வருணனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். நம் அணியின் வருணனையாளர்கள் நாம் அறிந்த கதைகளையே திரும்பச் சொல்வார்கள். உள்ளூர்க்காரரோ, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலிருந்து வரும் குளிர்காற்றில் வலப்புறம் உயர எழுந்த பந்து சுவரைத் தாண்டாமல் நின்றுவிடும் என்பதைப் பந்து விழுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

வானொலியும் இயலாது என்றால், செயலியின் அமைப்பில் ஆட்ட முடிவுகளை மறைத்துவிட்டு மதிய உணவு வேளையில் சுருக்கக் காணொளியைப் பாருங்கள். பந்து வீச நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த 2023 முதல் சராசரி ஆட்டம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், காலை 9.40க்குத் தொடங்குவது பெரும்பாலும் பன்னிரண்டரைக்குள் முடிந்திருக்கும்.

மறுமொழி: பிரிக்பீல்ட்ஸ் அக்கா

பள்ளி நாள்களில் சாஃப்ட்பால் ஆடி, பின்னர் மாணவியருக்குப் பயிற்சியும் கொடுத்தவள் என்ற முறையில் நான் வேறொரு வழியைச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆட்டத்தையும் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், தம்பி. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றில் 81 வெளியூரில். ஒரு பயணத்தை முழுதாக ஒரே கணக்காகப் பார்க்கப் பழகிக்கொண்டால், பாதி ஆட்டங்களைக் காணாமலேயே அணியின் நிலையைச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு மட்டை பிடிப்பவர்களிடம் இல்லை, புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் இடையில் இறக்கப்படும் பந்துவீச்சாளர்களிடம், இருக்கிறது.

ஓர் அணியில் 26 பேர். அவர்களில் பந்து வீசுபவர்கள் அதிகம் போனால் பதின்மூவர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஐவர் முறைவைத்து வருவார்கள்; மற்ற எண்மரும் இடையில் வந்து காப்பாற்றுபவர்கள். தொடங்கி வைத்தவர் ஆறு இன்னிங்ஸ் தாங்கினால் அன்றைக்கு மூவர் போதும். நான்காவது இன்னிங்ஸிலேயே அவர் தள்ளாடினால் ஐவரை இறக்க நேரும். அடுத்தடுத்து இரண்டு நாள் வீசியவரை மூன்றாம் நாளும் இறக்குவதற்குப் பயிற்றுநர்கள் மிகவும் தயங்குவார்கள். ஆகவே, திங்கட்கிழமை ஆட்டத்தில் யார் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டால், புதன்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் யார் வர முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் எட்டுப் பெயர்களை இடப்பக்கத்தில் எழுதி, நாளுக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டு, வீசிய பந்துகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் நிரப்புவேன். ஆட்டம் முடிந்த பிறகு ஐந்து நிமிட வேலைதான், மேலாளருக்கும் தெரியாது.

வெளியூர் ஆட்டத்துக்கென்று இதில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளூர் அணி எப்போதும் இன்னிங்ஸின் பிற்பாதியில் மட்டை பிடிக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸின் முற்பாதி முடிந்தும் அது முன்னிலையில் இருந்தால் பிற்பாதியை ஆடத் தேவையில்லை. எனவே வெளியூரில் தோற்கும்போது நம் அணி பெரும்பாலும் எட்டு இன்னிங்ஸ்தான் பந்து வீசியிருக்கும். வெல்லும்போது ஒன்பதும் வீச வேண்டும். சமநிலையில் ஒன்பதாவது தொடங்கினால் சிக்கல் இன்னும் கூடும். அதன்பின் உள்ளூர் அணி முன்னிலை பெற்றால் அந்தக் கணமே ஆட்டம் முடிந்துவிடும். முன்னிலையைக் காப்பாற்றும் வேலை அவர்களுக்கு இனி வரப்போவதே இல்லை. ஆகவே அவர்கள் தங்கள் சிறந்த பந்துவீச்சாளரைத் தயங்காமல் இறக்குவார்கள். வந்த அணியின் பயிற்றுநரோ, பின்னால் முன்னிலை கிடைத்தால் அதைக் காக்க ஆள் வேண்டுமே என்று தம் சிறந்தவரை நிறுத்தி வைக்கவே நினைப்பார். அந்த எண்ணத்திலேயே இரண்டாம் தரப் பந்துவீச்சாளரை வைத்துத் தோற்ற ஆட்டங்கள் கணக்கில் அடங்கா. இது கோழைத்தனம் என்பது என் துணிபு, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

நீங்கள் குறிப்பிட்ட பயணத்தின் அனஹைம் தொடரில் இரண்டாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 1-1. 2020 முதல் கூடுதல் இன்னிங்ஸில், ஓர் ஓட்டத்துக்குக் கடக்க வேண்டிய நான்கு தளங்களில் இரண்டாவது தளத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பத்தாவதன் முற்பாதியில் பாஸ்டன் ஒரே ஓட்டத்தோடு நின்றது. இந்த விதி வந்தபின் வெளியூர் அணிக்கு ஓர் ஓட்டம் என்பது முன்னிலையே அல்ல. எதிரணியும் தளத்தில் ஓர் ஆளோடுதான் இறங்கும், அதற்கு எத்தனை ஓட்டம் தேவை என்பதும் தெரிந்திருக்கும். ஏஞ்சல்ஸ் அணியின் இளம் வீரர் கிறிஸ்டியன் மூர் அடித்த ஹோம் ரன்னில் (பந்து சுவரைத் தாண்டிப் போகும் அடி) இரண்டு ஓட்டங்கள் வர, 3-2 என்று கதை முடிந்தது. நம் ஊரில் மதிய உணவுக்கு எழும் நேரம் அது.

மறுமொழி: ஜார்ஜ்டவுன் பார்வையாளர்

அக்கா சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; களைப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளில் நடந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் ஆட்டங்களைச் சலித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிழக்கு நோக்கிப் பறப்பதே மேற்கு நோக்கிப் பறப்பதைவிட உடலை அதிகம் பாதிக்கிறது என்பது அதில் முதன்மையானது. பலர் கவனிக்காத மற்றொன்று, பயணம் முடித்துச் சொந்த ஊருக்குத் திரும்பிய அணியும் பாதிக்கப்படுகிறது என்பது. தளங்களுக்கு இடையே ஓடுவதில் சுறுசுறுப்புக் குறைகிறது, பந்துவீச்சாளர்கள் கூடுதலாக ஹோம் ரன் கொடுக்கிறார்கள்.

இதை 2025 ஜூனோடு ஒப்பிட்டால் விமானத்தின்மேல் பழி போட இடமில்லை. பாஸ்டன் மேற்கே பறந்தது. உடல் சற்று எளிதாக ஏற்றுக்கொள்ளும் திசை அது. சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ, அனஹைம் மூன்றும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பவை. உடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சரிசெய்துகொள்ளும் என்பதால், மூன்று மணி நேர வேறுபாட்டை அவர்கள் சியாட்டிலிலேயே கடந்திருப்பார்கள். சியாட்டிலில் மூன்றில் இரண்டை வென்ற அணி, உடல் பழகிய பிறகு அனஹைமில் மூன்றையும் தோற்றது. களைப்பு காரணமென்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? நெடுங்காலக் கணக்கிலும் உள்ளூர் அணி வெல்வது நூற்றுக்கு 53, 54 என்ற அளவில்தான் இருக்கிறது. வெளியூர் என்றாலே தோல்வி என்பது நம் மனக்கணக்கு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1992இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் மைதானத்தைக் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குக் கொடுத்துவிட்டதால் அவர்கள் தொடர்ந்து 26 ஆட்டங்களை வெளியூரில் ஆட வேண்டியதாயிற்று. முடிவு: 12 வெற்றி, 14 தோல்வி. அப்படியொன்றும் அழிந்துவிடவில்லை.

செந்தூல்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன வானொலி வழியை நாளைக்கே முயன்று பார்க்கிறேன். அக்கா, உங்கள் பென்சில் கணக்கு என் தொழிலுக்கே பொருந்துகிறது. கணக்காளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓர் ஐயம் மட்டும். பயணத்தின் நடுவில் டென்வர் வந்தால் இந்தக் கணக்கு அப்படியே நிற்குமா? அங்கே ஆட்டம் தொடங்கும் மாலை 6.40 நமக்குக் காலை 8.40 என்பதால் முதல் இன்னிங்ஸையாவது நேரலையில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

நிற்காது, தம்பி. டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையில் தானா ராத்தா ஊரைவிடவும் உயரம். காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தொலைவு போகும். வீசும் பந்தோ வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுத்தும் ஓட்டங்கள் அங்கே மற்ற மைதானங்களைவிட அதிகமாகத்தான் விழுகின்றன. தொடங்கி வைப்பவர் சீக்கிரம் வெளியேறுவார், புல்பென் மூன்று நாளில் காலியாகும்.

அங்கே மட்டும் புத்தகத்தில் பந்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, எத்தனை பேரைச் சந்தித்தார் என்பதையும் எழுதுங்கள். இருபது பந்துகளில் மூவரை வெளியேற்றியவரும் அதே இருபதில் ஆறு பேரிடம் அடி வாங்கியவரும் ஒன்றல்ல. பார்க்க வேண்டிய ஆட்டமும் டென்வரில் நடப்பது அல்ல. அங்கே நடப்பதைச் சுருக்கக் காணொளியில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இறங்கி வந்து அடுத்த ஊரில் ஆடும் முதல் ஆட்டத்துக்கு எப்படியாவது நேரம் ஒதுக்குங்கள். வளையாத பந்தை மூன்று நாள் பார்த்துப் பழகிய மட்டையாளர்கள் நன்றாக வளையும் பந்தின் முன் திணறுவதும், ஓய்வில்லாத புல்பென்னிலிருந்து ஏழாவது இன்னிங்ஸுக்கு யாரை அனுப்புவது என்று பயிற்றுநர் கையைப் பிசைவதும் அன்றைக்குத்தான் தெரியும். மேற்குக் கரையில் என்றால் அந்த ஏழாவது இன்னிங்ஸ் நமக்குப் பதினொன்றரை மணிவாக்கில் வரும். அந்நேரத்தில் தேநீருக்கு எழுந்து போவதை எந்த மேலாளரும் குறை சொல்ல மாட்டார்.