எம்எக்ஸ்-5: ஸ்பிரிங்கை மாற்றலாமா, வேண்டாமா?

பனிமூட்டம் (கென்ட், இங்கிலாந்து):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், என்டி எனப்படும் நான்காம் தலைமுறை. 2 லிட்டர் எஞ்சின், 184 குதிரைத்திறன். இரண்டு வருடமாக கிராமத்துச் சாலைகளில்தான் ஓட்டி வந்தேன். போன மாதம் முதல்முறையாக பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத் தடத்துக்கு எடுத்துப் போனேன். இண்டி என்ற சின்னத் தடம்தான், ஒரு சுற்று 2 கிலோமீட்டருக்கும் குறைவு. முதல் சுற்றோட்டம் முடிந்து இறங்கியதுமே மூன்று பேர் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "வண்டி இப்படிச் சாய்கிறதே, முதலில் ஸ்பிரிங்கை மாற்று, கெட்டியானதாகப் போடு."

ஒரு வாரம் யோசித்தேன். மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் மறுக்கலாம்.

அந்தத் தடத்தின் முதல் திருப்பம் பேடக் ஹில். வலதுபக்கம் திரும்பும்போதே தரை கீழே இறங்கிவிடும். திரும்பத் தொடங்கும் இடத்தில் நின்று பார்த்தால் வெளியேறும் இடம் தெரியாது. அங்கே ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி இடதுபக்கம் சாய்ந்து, ஒரு கணம் அமர்ந்து, அப்புறம் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று அந்த ஒரு கணத்தில் என் இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் மூக்கு உள்ளே வருகிறது, கொஞ்சம் அழுத்தினால் பின்பக்கம் உட்கார்கிறது. எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

சாலைக்கு வருவோம். இங்கே சாலையின் இருபுறமும் வேலிச்செடி, நடுவில் டிராக்டர் விட்டுப்போன சேறு, ஒட்டுப்போட்ட தார். கெட்டியான ஸ்பிரிங் போட்ட வண்டி இந்த மேடுபள்ளத்தில் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது? என் வண்டியின் டயர் தரையை விட்டு எழுவதில்லை. மாஸ்டா இந்த வண்டியை வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாயிரம் (மெல்பர்ன்):

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. நான் 17 வருடமாக ஹோண்டா எஸ்2000 வைத்திருக்கிறேன். ஏபி1 எனப்படும் முதல் வகை, நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும் 2 லிட்டர் எஞ்சின்.

வண்டி உங்களுக்கு நேரம் தருகிறது என்கிறீர்கள். அது உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பேன் நான். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு உடல் சாய்ந்து முடிக்கும் வரை வண்டி ஒரு நிலைக்கு வரவில்லை. ஒரே ஒரு திருப்பம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இடது வலது என்று அடுத்தடுத்து வந்தால்? முதல் சாய்வு நிமிர்வதற்குள் அடுத்த சாய்வு தொடங்கும். இரண்டும் சேரும்போது பின்பக்கம் நீங்கள் கேட்டதைவிட அதிகமாக ஆடும்.

இன்னொன்று, பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கினால் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தண்டில் ஒரு மெத்துக் கட்டை இருக்கும். மெத்தென்ற வண்டியைத் தடத்தில் விரட்டினால் வெளிப்பக்கச் சக்கரம் அந்தக் கட்டையில் போய் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் உங்கள் மெத்தான ஸ்பிரிங் காணாமல் போய், கல் மாதிரி ஒரு ஸ்பிரிங் வந்துவிடுகிறது. அதே நேரம் ஒரு மேடு வந்தால் பிடிப்பு சட்டென்று அறுந்துபோகும். நீங்கள் சொல்லும் அந்த இதமான தகவல், எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் கிடைப்பதில்லை.

மூன்றாவது கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. உடல் சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது. டயரின் முழு அகலமும் தரையில் பதியாமல் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். இங்கே பிலிப் ஐலண்ட் பந்தயத் தடத்தில் சதர்ன் லூப் என்று நீண்ட இடது திருப்பம் ஒன்று உண்டு. வண்டி பக்கவாட்டு விசையிலேயே நிறைய நேரம் கிடக்கும். அங்கே அரை நாள் ஓட்டினால் வலது முன் டயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பனிமூட்டம்:

அண்ணா, பம்ப் ஸ்டாப் விஷயம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் எஸ்2000-ஐ வைத்து வாதாடுவதுதான் புரியவில்லை. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால், எடை முன்னும் பின்னும் சரிபாதி, உடலும் கெட்டி. எல்லாம் சரி. ஆனால் ஏபி1 என்றாலே பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்ற பெயர்தானே முதலில் வருகிறது? சாயாத வண்டி எச்சரிக்கையும் தராது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாயிரம்:

நியாயமான கேள்வி. நானே ஒருமுறை அப்படி வண்டியோடு சுழன்றிருக்கிறேன், அதனால் சொல்ல முடியும்.

வாங்கிய முதல் வருடம், டான்டினாங் மலைப்பாதை, மழைத் தூறல். திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தேன். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. எதிரே வண்டி எதுவும் வராததால் இன்று இதை எழுதுகிறேன். பின் டயர்கள் தேய்ந்திருந்தன, அது தெரிந்தும் ஓட்டினேன். தவறு முழுக்க என்னுடையது.

ஆனால் ஏன் அவ்வளவு வேகமாகப் போனது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். ஏபி1-இன் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் மூக்கு உள்ளே திரும்பும், எழும்பும்போது அந்தத் திருப்பம் குறையும். டோ மாற்றம் என்பார்கள். காலை எடுத்ததும் எடை முன்னே போகிறது, பின்பக்கம் எழும்புகிறது, வண்டியை நிலையாக வைத்திருந்த டோ அந்த நேரம் பார்த்துக் குறைகிறது. 2004 மாடலில் ஹோண்டா பின் சஸ்பென்ஷன் அமைப்பைத் திருத்தி இந்த மாற்றத்தைக் குறைத்தது, 17 அங்குலச் சக்கரமும் கொடுத்தது. ஆக, என்னைச் சுற்றவிட்டது ஸ்பிரிங்கின் கெட்டித்தனம் கிடையாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது திசை மாறியதுதான். சக்கரம் குறைவாக மேலும் கீழும் போனால் அந்த மாற்றமும் குறைவாகத்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள், இது என் பக்கத்து வாதம்.

ரப்பர்தோட்டம் (காஜாங், மலேசியா):

இரண்டு பேரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள், ஆனால் அடிப்படையில் ஒன்றைச் சரிசெய்துகொண்டு பேசுவோம். என்னிடம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இருக்கிறது, 1.6 லிட்டர். இங்குள்ள செப்பாங் பந்தயத் தடத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஓட்டுவேன்.

ஸ்பிரிங் கெட்டியானால் எடை மாற்றம் குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படிக் குறையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு 1100 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடைக்குச் சமமான பக்க விசையில் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் பாரம் 1100 பெருக்கல் 45, வகுத்தல் 150. அதாவது 330 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயாவது வருகிறதா? உடல் சாய்வதால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் நகரும், அது மிகச் சிறிய வித்தியாசம். வண்டியைத் தாழ்த்தினால் குறையும், அகலமாக்கினால் குறையும், எடையைக் குறைத்தாலும் குறையும்.

அப்படியானால் ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் என்ன வேலை? அந்த 330 கிலோ எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது, அதில் முன் அச்சு எவ்வளவு சுமக்கிறது, பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பதை அவை தீர்மானிக்கின்றன. வண்டியின் சமநிலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 50-50 என்று விளம்பரத்தில் போடுவது வண்டி நிற்கும்போது தராசில் எடுத்த கணக்கு. பிரேக் மிதித்த அடுத்த நொடி அது செல்லாது. முன்பக்க ஆன்டி-ரோல் பாரை, அதாவது சாய்வைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியைத் தடிமனாக்கினால் முன் அச்சு அதிகம் சுமக்கும், வண்டி அண்டர்ஸ்டியர் பக்கம் போகும், அதாவது மூக்கு திருப்பத்துக்கு வெளியே நழுவும். பின்பக்கத்தைத் தடிமனாக்கினால் அதற்கு நேர்மாறு. தராசில் அதே 50-50 நிற்கும், வண்டி மட்டும் வேறு வண்டியாகிவிடும்.

எம்எக்ஸ்-5-க்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் தோஷிஹிகோ ஹிராய். 1989இல் சிகாகோ கண்காட்சியில் வண்டியைக் காட்டினார்கள். குதிரையும் வீரனும் ஒரே உடல் என்பதற்கு ஜப்பானியர்கள் 'ஜின்பா இத்தாய்' என்பார்கள், அதுதான் நோக்கம். அதற்காக அவர்கள் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். கூரையில்லாத வண்டியில் இரண்டும் தனித்தனியாக ஆடினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு தாமதம் வரும், இந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆக, கால் கொடுக்கும் கட்டளைக்குத் தாமதமே கூடாது என்று பாடுபட்டவர்கள், உடல் சாய்வதற்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். அதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த இடத்தில் நான் பனிமூட்டம் பக்கம்.

செப்பாங் வேறு கதை. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ஐந்தாவது, ஆறாவது திருப்பங்கள் இரண்டும் வேகமானவை, நீளமானவை. ஒன்பதாயிரம் அண்ணே சொன்ன கேம்பர் பிரச்சினை அங்கே கண்ணெதிரே தெரியும். ஆனால் அதற்கு முதல் மருந்து ஸ்பிரிங் இல்லை, அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. நான் ஒருமுறை ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தேன். முன் சக்கரங்களை நிமிர்த்தி, டோவையும் இடது வலது வித்தியாசமாக வைத்து அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் எதுவும் தெரியவில்லை. தடத்தில் இடதுபக்கம் ஒரு வண்டி, வலதுபக்கம் வேறு வண்டி. அதே ஸ்பிரிங்கோடு அலைன்மென்ட்டை மட்டும் சரிசெய்து ஓட்டினேன், பழைய வண்டி திரும்பி வந்தது.

வளைவுநெளிவு (சிங்கப்பூர்):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எம்எக்ஸ்-5-இல் 2022 மாடலிலிருந்து கேபிசி என்று ஒரு வசதி வருகிறதே, அது இந்தச் சாய்வைக் குறைக்கத்தானே? அப்படியானால் சாய்வு ஒரு குறைதான் என்று மாஸ்டாவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?

ரப்பர்தோட்டம்:

கூர்மையான கேள்வி தம்பி. கேபிசி என்ன செய்கிறது என்றால், வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரத்தில் மட்டும் மிக லேசாக பிரேக் பிடிக்கிறது. பின் சஸ்பென்ஷனின் அமைப்பு எப்படியென்றால், பிரேக் பிடித்தால் அந்தச் சக்கரம் உடலைக் கீழே இழுக்கும். உள்பக்கம் எழும்பாமல் இருக்கும். கூடுதலாக ஒரு பாகமும் கிடையாது, எடையும் ஏறவில்லை. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காமலே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்குப் பிடிக்காதது பின்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்வது. சாய்வதே கூடாது என்று நினைத்திருந்தால் இத்தனை வருடத்தில் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம்.

ஒன்பதாயிரம்:

ரப்பர்தோட்டம் சொன்ன கணக்கு சரி. பாரம் எவ்வளவு மாறுகிறது என்பதில் எனக்குச் சண்டையில்லை. எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதில்தான் சண்டை, அதில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

பிலிப் ஐலண்டில் லூக்கி ஹைட்ஸ் என்று ஒரு மேடு. இடது திருப்பம் மேட்டின் உச்சியில் வருகிறது, தாண்டியதும் சரிவில் இறங்கியபடியே வலதுபக்க எம்ஜி திருப்பத்துக்கு பிரேக் பிடிக்க வேண்டும். உச்சியில் வண்டி லேசாகிறது, இடதிலிருந்து நிமிர்கிறது, உடனே மூக்கு அமிழ்கிறது. எல்லாம் இரண்டு மூச்சுக்குள். அங்கே என் வண்டி சொன்ன நொடியில் நிமிர்ந்து நின்றால்தான் எனக்கு பிரேக்கை முழுவதும் மிதிக்கத் தைரியம் வரும். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வண்டியில் யாருக்கும் அந்தத் தைரியம் வராது. ஓட்டுநருக்கு வரும் நம்பிக்கையும் சமநிலையில் ஒரு பகுதி.

சாலை விஷயத்தில் மட்டும் பனிமூட்டத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். உங்கள் ஊர்ச் சாலையில் என் வண்டி இரண்டு மணி நேரத்தில் என்னைக் களைப்பாக்கிவிடும்.

பனிமூட்டம்:

இதற்கு மேல் பேசுவதைவிடச் செய்து பார்க்கலாம் என்று நேற்று அலைன்மென்ட் பார்த்தேன். முன்பக்கக் கேம்பரை, தொழிற்சாலை போல்ட் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுக்கு உள்ளே சாய்த்தாயிற்று. டோவை இடது வலது சமமாக வைத்தாயிற்று. பிரேக் ஆயிலும் புதிது. ஸ்பிரிங்கைத் தொடவில்லை.

இன்று காலை ஐந்தரை மணிக்குக் கூரையைத் திறந்துகொண்டு கிளம்பினேன். வழக்கமான சாலைதான். சாய்வு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாய்ந்த பிறகு முன்பக்கம் கடித்துப் பிடிக்கிறது, முன்பெல்லாம் அந்த இடத்தில் மூக்கு லேசாக வெளியே நழுவும். ஸ்டியரிங்கை இரண்டாவது முறை திருத்த வேண்டிய தேவையே வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி பிராண்ட்ஸ் ஹேட்ச்.

ஒன்பதாயிரம்:

நல்லது தம்பி. தடத்திலிருந்து வந்ததும் கழுவுவதற்கு முன்னால் இடது முன் டயரின் வெளி ஓரத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கடிகார முள் திசையில் ஓடும் தடம், பாரம் பெரும்பாலும் அந்த டயரில்தான் விழும். அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம்.