வீட்டுக் கடன் படிவத்தில் சாதியும் மதமும் எதற்கு?

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தில், அம்மாவின் பெயரில் பட்டா உள்ள இடத்தில் வீடு கட்டுவதற்காக ஒரு வங்கியில் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். வருமானச் சான்றும் வில்லங்கச் சான்றும் கேட்பது புரிகிறது. ஆனால் மதம் எது, பட்டியல் இனமா, பழங்குடியா, சிறுபான்மையினரா என்று குறிக்கவும் படிவத்தில் கட்டங்கள் உள்ளன. நாங்கள் கோத்தர் பழங்குடியினர். அதைக் குறித்தால் அதனாலேயே கடனை மறுத்துவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார். நிரப்பாமல் விடலாமா?

பதில்: குன்னூர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

சகோதரி, நிரப்புவதே உங்களுக்கு நல்லது. வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்கும் (வேளாண்மை, சிறுதொழில், வீடு போன்றவை), அதற்குள்ளாக 12 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கும் வழங்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த இலக்கு. பழங்குடியினர் நலிந்த பிரிவில் வருவதால், வீட்டுக் கடன் முன்னுரிமைக்கான உச்சத்தொகைக்குள் இருந்தால் அந்தக் கணக்கில் சேரும். கிளை மேலாளரே விரும்பி நிரப்பச் சொல்லும் கட்டம் அது. பாலினம், சாதி, மதம் பார்த்துக் கடனில் பாகுபாடு காட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2003ஆம் ஆண்டு நியாய நடைமுறை நெறிகளும் கூறுகின்றன.

இவற்றைவிட முக்கியமானது வேறொன்று. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோரின் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலையில்தான் காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு நிராகரிக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. நீங்கள் யார் என்பதே பதிவாகாத கோப்புக்கு இந்தப் பாதுகாப்பை எப்படிக் கோர முடியும்? சாதிச் சான்றிதழின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

பதில்: உதகை வாசகர்

அமெரிக்க வீட்டு அடமானக் கடன் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால், அங்குள்ள முறையைச் சொல்கிறேன். 1975இல் இயற்றப்பட்ட வீட்டு அடமானத் தகவல் வெளிப்படுத்தல் சட்டத்தின் கீழ், 1990 முதல் விண்ணப்பதாரரின் இனம், பாலினம், வருமானம் ஆகியவை பதிவாகின்றன; கடன் கிடைத்தவர்கள் மட்டுமல்லாமல், மறுக்கப்பட்டவர்களும் இடையில் விலகியவர்களும் அதில் அடங்குவர். 2018 முதல் ஆசியர் என்ற பிரிவுக்குள் இந்தியர் என்று தனியாகவும் குறிக்கலாம். விண்ணப்பதாரர் சொல்ல மறுக்கலாம். ஆனால் அவர் நேரில் வந்திருந்தால், தோற்றத்தையோ குடும்பப் பெயரையோ வைத்து அலுவலரே ஊகித்துக் குறிக்கவேண்டும், அவ்வாறு ஊகித்ததையும் பதியவேண்டும். தொலைபேசியிலோ அஞ்சலிலோ வந்த விண்ணப்பத்துக்கு இந்தக் கடமை இல்லை. (தந்தையின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதும் நம்மவரைப் பெயரால் கண்டுபிடிப்பது எத்தகைய துல்லியம் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.) விண்ணப்பதாரரின் பெயரை நீக்கி, கடன் நிறுவனத்தின் பெயரோடு இத்தரவு ஆண்டுதோறும் பொதுவில் வெளியாவதால், எந்த நிறுவனம் யாரை அதிகமாக மறுக்கிறது என்று எவரும் கணக்கிடலாம்.

பதில்: கூடலூர் வாசகர்

குன்னூர் ஐயா சொன்னதில் தவறில்லை. ஆனால் நம் ஊர் இலக்குக் கணக்கில் ஏறுவது கொடுத்த கடன் மட்டுமே. மறுத்தவற்றைப் பிரிவுவாரியாக, விண்ணப்பம் விண்ணப்பமாக மக்கள் பார்க்கும்படி வெளியிடும் முறை இங்கில்லை. எங்கள் பக்கத்தில் ஜென்மி எனப்பட்ட நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கி, பட்டாவே இல்லாமல் வாழும் குடும்பங்கள் ஏராளம். பட்டா இல்லை என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பப்படுபவர் எந்தப் பதிவேட்டிலும் விண்ணப்பதாரர் ஆவதில்லை. அவருடைய சாதியைக் கேட்கும் கட்டம் இருந்தும் பயனில்லை. உங்களிடம் பட்டா இருப்பதால், கட்டங்களை நிரப்பிய விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கடன் விண்ணப்பங்களுக்கும் ஒப்புகை தரவேண்டும் என்பதும் அதே 2003 நெறிகளில் இருக்கிறது.