அம்மாவின் சேவைக்காலப் பணம் இன்னும் வரவில்லை: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி (தலவாக்கலை, இலங்கை)

வணக்கம். என் தாயார் இங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இளவயதிலேயே பேர் பதிந்து, 30 வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பல மாதங்கள் கடந்தும் சேவைக்காலப் பணம் கிடைக்கவில்லை; தோட்ட அலுவலகத்தில் கேட்டால், கம்பனியிலிருந்து காசு வந்ததும் தவணை முறையில் தருவதாகச் சொல்கிறார்கள். சேமலாப நிதி விண்ணப்பத்தையும், செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) "லெச்சுமி" என்றும் அடையாள அட்டையில் "லெட்சுமியம்மா" என்றும் இருப்பதாகக் கூறித் திருப்பிவிட்டார்கள். இவை இரண்டும் ஒரே பணமா, வெவ்வேறா என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இதற்கு வழக்கறிஞர் ஒருவரைப் பிடிக்க வேண்டுமா?

பதில் (ஹட்டன்)

தம்பி, அம்மாவுக்குச் சேர வேண்டியது இரண்டல்ல, மூன்று. முதலாவது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதி. அம்மாவின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்ட நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதி. அதன் 3 வீதத்தையும் நிர்வாகமே செலுத்த வேண்டும், சம்பளத்தில் கழிக்கக் கூடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் சேவைக்காலப் பணம், அதாவது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூறும் பணிக்கொடை. ஐந்து வருட சேவையைப் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பது கணக்கு. அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். உதாரணமாக, கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாயாகவும் சேவை 30 வருடங்களாகவும் இருந்தால், 5,67,000 ரூபாய் வரும். இதைச் சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால், தாமதம் நீள நீள 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும். கம்பனியிடம் காசில்லை என்ற பதில் அந்தக் கடமையை நீக்கிவிடாது.

வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அதன்பிறகும் நிர்வாகம் செலுத்தாவிட்டால், தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப் பணத்தைப் போல அதை அறவிட வைக்கலாம். சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

பதில் (பண்டாரவளை)

பெயர்ப் பிரச்சினையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் தோட்டங்களில் மிகுதியானோரை இதுதான் அலைக்கழிக்கிறது. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், பிற்காலத்து ஆவணங்களோடு பொருந்தாமல் போனதற்குத் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமல்ல. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதத்தையும், இயலுமானால் தோட்ட முகாமையாளரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம் எழுதப்பட்ட பழைய சம்பளச் சீட்டு ஒன்றாவது இருந்தால் பெரிய உதவி. வீட்டில் நன்றாகத் தேடிப் பாருங்கள். இன்னும் வேலையில் இருக்கும் உறவினர்கள் தங்கள் பெயரை இப்போதே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தவணைப் பணத்தை வாங்கிக்கொண்டால் எஞ்சியதைக் கேட்கும் உரிமை போய்விடுமா?

பதில் (ஹட்டன்)

பகுதிப் பணத்தை வாங்கியதால் மட்டும் எஞ்சியதற்கான உரிமை போய்விடாது. ஆனால், கையொப்பமிடக் கொடுக்கும் தாளில் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு பெற்றார், எவ்வளவு பாக்கி என்று எழுதாமல் அம்மாவைக் கையொப்பமிட விடாதீர்கள், ஒரு பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் அலுவலகத்துக்குப் போகும் அன்றே, சேமலாப நிதிக்கு எல்லா மாதங்களுக்கும் நிர்வாகம் பணம் கட்டியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். விடுபட்ட மாதங்கள் இருந்தால் அவற்றையும் அதே முறைப்பாட்டில் சேர்த்து எழுதுங்கள்.