புதுப்பிப்பு: என் தொட்டியில் வளரும் கணவாய்க் (கணவாய் மீன்) குஞ்சுகள் உறைந்த இறால் சாப்பிடத் தொடங்கிவிட்டன!

உயிருள்ள மைசிட் இறாலை (இறால் போன்ற குட்டி உயிரி) தவிர எதையும் தொட மாட்டேன் என்கின்றனவே என்று முன்பு புலம்பியிருந்தேன். இப்போது ஒன்றைத் தவிர எல்லாமே உறைந்த இறாலுக்குப் பழகிவிட்டன. இங்கே சிலர் சொன்னபடி, மெல்லிய குச்சி முனையில் துண்டைச் செருகி, குஞ்சின் முன்னால் லேசாக ஆட்டினேன். அசையாமல் கிடந்தால் கண்டுகொள்வதே இல்லை. ஆட்டியதும் முன்கைகள் இரண்டும் மேலே எழும்பும், உடம்பில் பழுப்பு நிறம் ஓடும், ஒளித்து வைத்திருந்த நீண்ட உணர்கைகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து இரையை இழுத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை!

அந்த ஒன்றைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அதற்கு உயிர் இரைதான்.

மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அம்மோனியாவைக் குஞ்சுகள் தாங்காது. செம்பு கலந்த மருந்து தொட்டிப் பக்கமே வரக்கூடாது. ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகை) மட்டும் இரையாகப் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது, அதில் சத்துக் குறைவு.