பிரிந்துபோன இரண்டு கிளைகளை ஒப்பிடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கைதேர்ந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் நிரலின் மெயின் கிளையும் ரிலீஸ் கிளையும் பிரிந்து ரொம்ப நாளாகிறது. சில திருத்தங்களை மட்டும் செர்ரி-பிக் செய்து (தனியாகப் பொறுக்கி நகலெடுத்து) ரிலீஸுக்குக் கொண்டுபோனோம்.

வித்தியாசம் காட்டும் கிட் டிஃப்பில் மெயின், ரிலீஸ் என்ற பெயர்களுக்கு நடுவே மூன்று புள்ளி போட்டால், பிரிந்த இடத்திலிருந்து ரிலீஸில் மாறியது மட்டும் வருகிறது. சரி. வரலாற்றைக் காட்டும் கிட் லாகில் அதே மூன்று புள்ளி, பிரிந்தபின் இரண்டு பக்கமும் பதிந்த மாற்றங்களை, அதாவது கமிட்டுகளை, கொட்டுகிறது! அதோடு செர்ரி-மார்க் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஒரே மாற்றங்களுக்குச் சமக்குறி விழுகிறது, நல்ல வசதிதான். ஆனால் மோதலைக் கையால் தீர்த்துக் கொண்டுபோனவை அதில் சிக்குவதில்லை, பேட்ச் (மாறிய வரிகளின் தொகுப்பு) மாறிவிடுகிறதே. உதாரணமாக, 2024-இல் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 8-லிருந்து 9 விழுக்காடானதற்கான கமிட் இரண்டிலும் இருக்கிறது, வெவ்வேறாகக் காட்டுகிறது.

இதற்கு, இரண்டு கமிட் வரிசைகளை ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் ஒத்துவருமா? வேறு வழி உண்டா? தேக்கா பக்கம் இருப்பவர் நேரில் காட்டினாலும் சரி, தே தாரிக் என் செலவு.